தொண்ணூற்றைந்துக்கு ஒரு கசற்

தேத்தண்ணிக்கு நன்றி, வண்ணக்கர் ஐயா. சீனி கொஞ்சம் கூடிவிட்டது, பரவாயில்லை. கோயில் மடத்துத் தேத்தண்ணி எப்போதும் இப்படித்தான்.

கோயிலை நடத்தும் வண்ணக்கர் நீங்களும் சபையார் எல்லோரும் வந்திருக்கிறீர்கள். மாமியும் என் மனைவியின் தங்கை கம்சாயினியும் வாசலில் நிற்கிறார்கள். அவர்களை இருக்கச் சொன்னால் நல்லது, இது கொஞ்சம் நேரம் எடுக்கும். ஏன் செய்தாய் என்று கேட்டீர்கள். ஒரு சொல்லில் பதில் இல்லை. நடந்த ஒழுங்கில் சொல்கிறேன். முதலே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். நான் கோபத்தில் எதையும் செய்யவில்லை. எனக்கு எவரோடும் பகை இல்லை. கல்லோடும் இல்லை.

நான் ஜெயந்தன், இந்த மாமி சீதேவிப்பிள்ளையின் மூத்த மருமகன். பல்கலைக்கழகத்தை இரண்டாம் வருடத்தில் விட்டேன். பெரிய காரணம் எதுவும் இல்லை, காலையில் எழும்ப முடியவில்லை. இப்போது வாவிக்கரை ஐஸ் பக்டரியில் இரவு வேலை. தண்ணீர் உறைவதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். தண்ணீர் அவசரப்படாது. அது உறைவதற்குள் ஒரு மனிதன் நிறையப் பாட்டுக் கேட்கலாம். நான் கேட்டேன். பழைய கசற் பிளேயர் ஒன்று, ஈரம் பட்டால் கொஞ்சம் இழுக்கும். ஐந்து வருடமாக அதுதான் எனக்குத் துணை. மனைவி தனுஷாவிடம் இதைச் சொல்லியிருக்கிறேன், அவள் கோபப்படவில்லை.

காத்தான்குடி முனாஸை உங்களில் சிலருக்குத் தெரியும். புடைவைக்கடையில் நிற்கிறான். கத்தாரில் இருந்து வரும்போது எல்லோரும் டீவி கொண்டு வந்தார்கள், அவன் ஒரு பெட்டி நிறையக் கசற் கொண்டு வந்தான். அவனுடைய வாப்பா இன்றைக்கும் அதைச் சொல்லிச் சொல்லித் திட்டுகிறார். அவனும் நானும் சேர்ந்துதான் அந்தப் பட்டியலைத் தொடங்கினோம். இசை பிறந்த நாளிலிருந்து இன்றைக்கு வரை, ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரே ஒரு தொகுப்பு. அந்த வருடத்தில் எங்களுக்கு மிகப் பிடித்தது. இசைத்தட்டாக இருக்கலாம், கசற்றாக இருக்கலாம், ஒரே உறைக்குள் விற்றிருந்தால் போதும்.

சட்டம் மூன்று. ஒரு வருடத்துக்கு ஒன்றுதான். இரண்டுக்குச் சம இடம் கிடையாது. எந்த வருடமும் வெறுமையாக இருக்கக் கூடாது.

இசை 1931இல் தொடங்குகிறது என்று முடிவு செய்தோம். அதற்கு முன்பு இசை இல்லையா என்று முனாஸ் கேட்டான். இருந்திருக்கலாம், எங்களுக்குக் கிடைக்கவில்லை. கிடைக்காததை இல்லை என்று வைத்துக்கொண்டால்தான் ஒரு வேலை முடியும்.

இதெல்லாம் எதற்கு என்று செயலாளர் கேட்கிறார். சபை ஏன் இருக்கிறது என்று நான் கேட்டேனா? ஒவ்வொரு வருடமும் எந்தத் தாய்வழிக் குடிக்கு எந்த நாள் கோயில் சடங்கு என்று நீங்கள் இருந்து பிரிக்கிறீர்கள். ஒரு நாளை இரண்டு குடிக்குக் கொடுக்க மாட்டீர்கள். ஒரு நாளை வெறுமையாக விடவும் மாட்டீர்கள். நான் வருடங்களுக்கு அதைச் செய்தேன். அவ்வளவுதான்.

வேலை நன்றாகப் போனது. சண்டை வராமல் இல்லை. எழுபத்தெட்டுக்காக முனாஸும் நானும் ஒரு நோன்பு மாதம் முழுவதும் பேசவில்லை. பெருநாளன்று அவன் வட்டிலப்பம் அனுப்பினான், நான் விட்டுக்கொடுத்தேன். அந்த வருடம் இன்றும் எனக்கு உறுத்துகிறது, ஆனால் வட்டிலப்பம் நன்றாக இருந்தது. இப்படியே எல்லா வருடமும் நிரம்பிவிட்டது, 1995ஐத் தவிர.

1995இல் ஒன்றும் இல்லை. நான் தேடாமல் சொல்லவில்லை. அந்த வருடம் இந்தியாவிலிருந்து வந்த கசற்றுகளைக் கேட்டேன். எல்லாம் ஒரே தேயிலையைத் திரும்பத் திரும்பப் போட்டு ஊற்றியது போல இருந்தன. சிங்களம் கேட்டேன். அரபு கேட்டேன். வெள்ளைக்காரர் பாடியதையும் கேட்டேன், அவர்கள் அந்த வருடம் எதற்கோ கவலையாக இருந்திருக்கிறார்கள்.

அடுத்த வருடம் பாருங்கள். 1996இல் இரண்டு. ஒன்று, புளியந்தீவில் பறங்கியர் சிலர் சேர்ந்து ஒரு கல்யாணத்துக்காகப் பதிந்த ஆட்ட இசை. வயலின்காரர் குடித்து நிறைவெறியில் இருக்கிறார், ஒரு இடத்திலும் தாளம் பிசகவில்லை. உறையிலேயே 1996 என்று அச்சடித்திருக்கிறது. மற்றது உங்களுடையது, ஐயா. எங்கள் நாவலமுனைப் பேச்சியம்மன் கும்பாபிஷேகத்துக்கு வெளியிட்ட பாட்டுக் கசற்.

நீங்கள் அதை மறந்திருப்பீர்கள். மாமியின் அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் கிடந்தது. இரண்டாம் பக்கத்தின் மூன்றாம் பாட்டில், அம்மனைக் கூப்பிட்டு உருகிக்கொண்டிருக்கும்போது, பின்னால் ஒருவர் கேட்கிறார்: "தேத்தண்ணி வந்திட்டா?" வெட்டாமல் அப்படியே விட்டிருக்கிறார்கள். பாடுகிறவர் ஒரு கணம் தயங்கி, அடுத்த வரியைக் கொஞ்சம் வேகமாகப் பாடுகிறார். அவருக்கும் தேத்தண்ணி வேண்டும் என்று தெரிகிறது. 1931இலிருந்து கேட்டு வருகிறேன், அவ்வளவு உண்மையான ஒரு இடத்தை நான் வேறெங்கும் கேட்கவில்லை. கேட்டவர் நீங்கள்தான், வண்ணக்கர் ஐயா. இது வண்ணக்கர் கோணாமலையின் குரல் என்று மாமி அடித்துச் சொன்னார்.

இப்போது என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஒரு வருடம் பட்டினி. பக்கத்து வருடத்தில் இரண்டு சாப்பாடு. எந்த மனிதனும் ஒரு தட்டை இந்தப் பக்கம் தள்ளி வைப்பான்.

உங்கள் கசற்றின் உறையில் வருடம் இல்லை. "கும்பாபிஷேக வெளியீடு" என்று மட்டும் இருக்கிறது. அதனால் முனாஸின் கடைக்குப் போய், அது 1995 என்று சொன்னேன். அவன் ஒரு பெண்ணுக்குச் சட்டைத் துணி அளந்துகொண்டிருந்தான்.

"தொண்ணூத்தாறு எண்டுதானே மச்சான் போன கிழம சொன்னாய்?"

"பிழையாச் சொல்லிட்டன்."

"நீயா? வருஷத்த நீ பிழையாச் சொன்னாயா? உண்ட கலியாண நாளப் பிழையாச் சொல்லுவாய், கசற்று வருஷத்தச் சொல்ல மாட்டாய்."

அந்தப் பெண் சிரித்தார். முனாஸ் துணியை இன்னும் ஒரு முழம் இழுத்துவிட்டு, "இஞ்ச பாரு," என்றான். "கோயில்ல கல்லு வெச்சிருப்பாங்கதானே, இன்ன வருஷம் கும்பாபிஷேகம் எண்டு? அதப் படம் எடுத்து அனுப்பு. கல்லுல தொண்ணூத்தஞ்சு எண்டு இருந்தா எனக்கு ஒரு பிரச்சினையும் இல்ல. இல்லாட்டி தொண்ணூத்தஞ்சு ஓட்டதான். ஓட்ட வாளியத் தூக்கிட்டுத் தண்ணி எடுக்கப் போ."

"கல்லுல இருக்கிறத ஒத்துக்கொள்வியா?"

"கல்லுல இருக்கிறத ஆரு மச்சான் மாத்துற?"

நல்ல கேள்வி என்று நினைத்தேன். அதற்கு மேல் ஒன்றும் நினைக்கவில்லை. பஸ்ஸில் வரும்போதுதான் அது ஒரு கேள்வியே இல்லை, ஒரு வேலை என்று புரிந்தது.

இந்த இடத்தில் எங்கள் வீட்டு உள்ளறையைப் பற்றிக் கேட்கிறீர்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. கேட்டதால் சொல்கிறேன். நம்முடைய பக்கத்தில் கல்யாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குப் போவான். நானும் அப்படித்தான் தனுஷாவின் வீட்டுக்கு வந்தேன். இரண்டு பெண்பிள்ளைகள் என்றால் தாய் இரண்டாவதுக்கும் ஒரு வீடு கட்டுவார். மாமிக்கு அது ஏலவில்லை. அதனால் வீட்டை இரண்டாகப் பிரிப்பது, முன்பக்கம் மூத்தவளுக்கு, உள்ளறை கம்சாயினிக்கு என்று பேச்சு. உள்ளறையில் என்னுடைய கசற்றுகள் இருக்கின்றன. வாவிக் காற்றின் உப்புப் படாத ஒரே அறை அதுதான். வெளியே வைத்தால் நாடா ஒரு மாரியில் பூஞ்சணம் பிடித்துவிடும்.

கம்சாயினிக்குக் களுவாஞ்சிக்குடியில் விஜிதரன் என்ற மாப்பிள்ளை சரிவந்தது. பிரதேச செயலகத்தில் வேலை, நல்ல பொடியன், வீட்டுக்கு வந்தால் தான் குடித்த கோப்பையைத் தானே கழுவி வைப்பான். கம்சாயினிக்கு அவனை நல்ல விருப்பம். சடங்கு முடிய ஆவணியில் கல்யாணம் என்று முடிவானது. மாமி என்னிடம் சொன்னார், "மகன், அந்தப் பெட்டியளக் கொஞ்சம் ஒதுக்கணும் கா." ஓம் மாமி என்றேன். நான் மறுக்கவில்லை. தனுஷாவைக் கேளுங்கள், முகத்தைக்கூடச் சுளிக்கவில்லை.

சரி, கல்லுக்கு வருகிறேன்.

படத்தைப் போனிலேயே மாற்றியிருக்கலாம். ஆறை ஐந்தாக்க ஒரு நிமிடம் போதும். அதற்கு ஆயிரம் வழி இருக்கிறது, பள்ளிக்கூடப் பிள்ளையே செய்யும். ஆனால் அது மோசடி. ஒரு நண்பனுக்குப் பொய்ப் படம் அனுப்புகிற ஆள் நான் இல்லை. அவன் கல்லின் படத்தைக் கேட்டான். அவனுக்கு உண்மையான கல்லின் உண்மையான படம் போக வேண்டும். ஆகவே கல்லை மாற்றினேன்.

வருடச் சடங்குக்குக் கோயில் கதவு திறக்க முன்பு, ஊர் கூடிச் சுத்தம் செய்த சிரமதானம் உங்களுக்கு நினைவிருக்கும். எனக்குப் பகலில் வேலை இல்லை என்பதால் ஒவ்வொரு வருடமும் வெளிமண்டபச் சுவர் எனக்குத்தான். நீங்களே கையில் தேய்க்கிற தேங்காய்த் தும்பைத் தந்தீர்கள். நான் ஐஸ் குத்தும் கூராணியையும், தரைக்கல் பதிக்கிறவர்கள் பூசுகிற வெள்ளைப் பசையையும் ஒரு போத்தல் கறுப்பு மையையும் கொண்டுவந்திருந்தேன். ஆறின் வயிற்றில் இடப்பக்கத்தை அடைத்தேன். தலையை நேராகக் கொத்தினேன். மை பூசினேன். சுற்றிவர ஆட்கள் ஒட்டடை அடித்துக்கொண்டிருந்தார்கள். நீங்கள்கூட வந்து பார்த்து, "நல்லா மினுக்கியிருக்காய் தம்பி, எழுத்தெல்லாம் இப்பதான் வடிவாத் தெரியுது," என்றீர்கள். நன்றி சொன்னேன்.

கீழ்வரியைத் தொடவில்லை. அதில் பல வருடச் சந்தனமும் எண்ணெயும் அடைந்து ஒன்றும் தெரியவில்லை. முனாஸுக்கு அது தேவைப்படவும் இல்லை.

படம் போனது. முனாஸ் குரல் பதிவு அனுப்பினான்: "சரி மச்சான், கல்லு சொன்னா முடிஞ்சுது. தொண்ணூத்தஞ்சுக்குப் பேச்சியம்மன். மாஷா அல்லாஹ், லிஸ்ட்டு முடிஞ்சுது." அவன் அழுதான் என்று நினைக்கிறேன். அல்லது ஓட்டோ சத்தம். அன்று இரவு பக்டரியில் 1931இலிருந்து ஒவ்வொரு வருடமாகச் சொல்லிப் பார்த்தேன். ஒரு ஓட்டை இல்லை. அப்படி ஒரு நிம்மதி எனக்கு என் கல்யாணத்திலும் வரவில்லை. தனுஷா, நீ வெளியே நிற்கிறாய் என்று தெரியும். உண்மையைத்தானே கேட்கிறார்கள்.

பிறகு நடந்தது என் கையில் இல்லை.

சடங்கின் ஐந்தாம் நாள் விஜிதரனின் தகப்பன் கும்பிட வந்தார். வந்தவர் கல்வெட்டை வாசித்தார். மாலையில் வீட்டில் பலகாரம் வைத்தோம். மாமி தன் வழக்கப்படி அந்தக் கதையைத் தொடங்கினார். ஊரில் எல்லோரும் கேட்டுச் சலித்த கதை.

"கம்சாயினி ஆருண்டு நினைச்சிங்க? கும்பாபிஷேகத்தண்டு பிறந்த புள்ள. அங்க கும்பத்துத் தண்ணி ஊத்த, இஞ்ச இவள் வீரிட்டாள். அம்மன்ட புள்ள கா."

மாப்பிள்ளையின் தகப்பன் முறுக்கைக் கீழே வைத்தார்.

"எந்தக் கும்பாபிஷேகம் தங்கச்சி?"

"ஒண்டுதானே அப்ப நடந்த? ஆனியில."

"அது தொண்ணூத்தஞ்சுல்லோ."

"ஆறு அண்ணன்."

"கல்லுல அஞ்சு எண்டு கிடக்கு. மத்தியானம் என்ட கண்ணால பாத்தன்."

பிரச்சினை இதுதான். விஜிதரன் பிறந்தது 1996 மாசி. கம்சாயினி அதே வருடம் ஆனி என்றுதான் சாதகக் குறிப்பைக் கைமாற்றினார்கள். கல்லின்படி அவள் அதற்கு முந்தின ஆனி. அப்படியென்றால் பெண் மாப்பிள்ளையைவிட மூத்தவள். அதைவிடப் பெரிய விஷயம், பெண் வீட்டார் ஒரு வயதை ஒளித்திருக்கிறார்கள்.

மாமி ஓடிப்போய்ப் பிறப்புச் சேர்டிபிக்கற்றைக் கொண்டுவந்தார். தகப்பன் அதைத் தொடவில்லை.

"தங்கச்சி, இடம்பெயர்ந்து போய் வந்து நாங்க எல்லாரும் பிள்ளையளுக்குப் பதிஞ்சம். எங்கட வீட்டில மூண்டு பேருக்கு ஒரே மாசத்தில பிறந்த நாள். கடுதாசி அரசாங்கக் கச்சேரியில ஆள் சொல்ல எழுதினது. கல்லு அம்மன்ட சுவரில வெட்டினது. ரெண்டில எது பொய் சொல்லும்?"

நானும் அங்கே இருந்தேன். கேள்வி என்னிடம் நேரடியாகக் கேட்கப்படவில்லை.

அவர்கள் சத்தம் போடவில்லை. ஓட்டோவில் ஏறும்போது, "யோசிச்சுச் சொல்லுறம்," என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும். கம்சாயினி முறுக்குத் தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள். வெகுநேரம் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. அன்று எங்கள் வீட்டில் அவ்வளவு பாத்திரம் இல்லை.

மாமி அடுத்த நாள் உங்களிடம்தானே ஓடி வந்தார், வண்ணக்கர் ஐயா. கும்பாபிஷேகத்தை நடத்தியவர் நீங்கள். "ஆறு" என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். நீங்கள் கல்லைப் போய்ப் பார்த்தீர்கள். நீண்ட நேரம் நின்றீர்கள். பிறகு சொன்னீர்கள், "எனக்கும் ஆறு எண்டுதான் ஞாபகம் புள்ள. ஆனா கல்லு அஞ்செண்டுதே. எனக்குத்தான் வயசு போயிட்டு." நான் உங்களைக் குறை சொல்லவில்லை. உங்கள் கையால் திரை நீக்கிய கல் அது. அதை நம்பாமல் யாரை நம்புவீர்கள்?

அதன் பிறகு ஊர் கணக்குப் பார்க்கத் தொடங்கியது. தனுஷா பிறந்தது 1994 கார்த்திகை. கம்சாயினி அடுத்த ஆனி என்றால் நடுவில் ஏழு மாதம். சந்தையில் பெண்கள் விரல் விட்டு எண்ணினார்கள். மாமியைப் பார்த்த இடத்தில் பேச்சை நிறுத்தினார்கள். தன் வயிற்றில் பிறந்த பிள்ளைகளின் வருடத்தில் மாமிக்கே சந்தேகம் வந்துவிட்டது. மூன்று நாள் யோசித்துவிட்டு, அப்படியானால் தனுஷா பிறந்தது அதற்கு முந்தின கார்த்திகையாகத்தான் இருக்க வேண்டும் என்று முடிவுக்கு வந்தார்.

நான் பிறந்தது 1994 தை. அந்தக் கணக்கில் என் மனைவி எனக்கு இரண்டு மாதம் மூத்தவள். தனுஷா இரண்டு நாள் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள். "டேய் ஜெயந்தா, தேங்காயத் துருவு," என்றாள். துருவினேன். கணக்கு என்றால் கணக்கு.

இதையெல்லாம் அப்போதே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். யோசித்தேன். ஒரு பக்கம் ஒரு கல்யாணம். மறுபக்கம் தொண்ணூற்றுச் சொச்சம் வருட இசை. கல்யாணம் வேறு மாப்பிள்ளையோடும் நடக்கலாம். 1995 திரும்பி வராது.

அதைக் கண்டுபிடித்தது கம்சாயினிதான். நான் அவளைக் கெட்டிக்காரி என்று எப்போதும் சொல்லி வந்திருக்கிறேன். போன வெள்ளிக்கிழமை ஒரு வாளித் தண்ணீரும் சாம்பலும் தும்பும் எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனாள். எதற்கு என்று மாமி கேட்டதற்கு, "என்னக் கெடுத்த கல்ல ஒருக்காக் குளிப்பாட்டிட்டு வாறன்," என்றாளாம். நான் அப்போது வீட்டில் படுத்திருந்தேன். வந்து எழுப்பினாள். கை முழுவதும் சந்தனச் சேறு.

"அத்தான், எழும்புங்க. ஒரு விஷயம் கேக்கணும்."

"இரவு வேலை, கொஞ்சம் படுக்க விடு."

"எனக்கு எந்த வருஷம் குறிப்பு எழுதின?"

"தொண்ணூத்தாறு."

"அதில்ல. தமிழ் வருஷம்."

தெரியாது என்றேன். உண்மையாகவே தெரியாது. நான் இங்கிலீஷ் வருடத்தில்தான் பட்டியல் போட்டிருக்கிறேன்.

"தாது," என்றாள். "கல்லுல கீழ்வரியில என்ன எழுதியிருக்கு தெரியுமா? தாது வருஷம், ஆனித் திங்கள். தொண்ணூத்தாறிலதான் தாது வரும். தொண்ணூத்தஞ்சு யுவ. அறுபது வருஷத்துக்கு ஒருக்காத்தான் ஒரு பேர் வரும் அத்தான். அப்ப மேல்வரியில அஞ்சு எப்பிடி வந்த?"

"கல் வெட்டினவர் பிழை விட்டிருப்பார்."

"அவர் வெள்ளைப் பசை பூசியா வெட்டினவர்?"

அவள் உள்ளங்கையைத் திறந்து காட்டினாள். ஆறின் வயிற்றில் நான் அடைத்த துண்டு, தும்பு பட்டுக் கழன்று வந்திருந்தது. நல்ல பசை என்று கடைக்காரர் சொன்னார். இந்தக் காலத்தில் எதையும் நம்ப முடியாது.

அவள் கத்தவில்லை. "விஜிதரன் நேத்து போன் எடுத்தவர்," என்றாள். "அவருக்கு வயசு ஒரு பிரச்சினையும் இல்லையாம். தகப்பன்தான், கோயில் சபை கல்லைத் திருத்தி ஆக்களுக்கு முன்னால சொன்னாத்தான் சம்மதமாம். இப்ப சொல்லுங்க, இத ஆரு செய்த?"

நான்தான் என்றேன். கேட்டால் சொல்வேன். அதுவரை யாரும் என்னைக் கேட்கவில்லை.

முனாஸுக்கும் செய்தி போய்விட்டது. காலையில் போன் எடுத்துக் கேட்டான். "அடே, பைத்தியக்காரா. போன்ல படத்த மாத்தி அனுப்பியிருக்கலாமேடா. நானா வந்து பாக்கப்போறன்?"

"உனக்குப் பொய் சொல்லச் சொல்றியா?"

"மச்சான்," என்றான், "தொண்ணூத்தஞ்ச ஓட்டயாவே விடுவம். அந்தப் புள்ளைக்குக் கலியாணம் நடக்கட்டும்." முனாஸிடம் நான் இதை எதிர்பார்க்கவில்லை. கத்தாரில் இருந்தவன், உலகம் பார்த்தவன். இவ்வளவு எளிதாகக் கொள்கையை விடுவான் என்று நினைக்கவில்லை.

இவ்வளவும்தான். கல்லை மாற்றியது நான். ஒப்புக்கொள்கிறேன், எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். என்ன தண்டம் என்றாலும் சரி. ஒரு யோசனை மட்டும் சொல்ல விரும்புகிறேன், முடிவு உங்களுடையது. மேல்வரியைத் திரும்ப ஆறாக்கி, பிறகு அதையும் ஒருவர் சந்தேகப்பட்டு, ஏன் இந்தச் சிரமம்? ஐந்தை அப்படியே விட்டுவிட்டு, கீழ்வரியில் தாதுவை யுவ என்று மாற்றிவிட்டால் கல்லில் ஒரு பிழையும் இருக்காது. எழுத்தும் ஒன்று குறையவில்லை, கூடவில்லை. கூராணி என்னிடம் இருக்கிறது. கூலி வேண்டாம். உங்கள் குரலுக்கும், வண்ணக்கர் ஐயா, உலக இசையில் ஒரு வருடம் சொந்தமாக இருக்கும். எத்தனை பேருக்கு அது கிடைக்கும்?

கம்சாயினி தலையில் கை வைத்துக்கொண்டு நிற்கிறாள். அவளுக்குக் குடிக்க ஏதாவது கொடுங்கள்.

இன்னும் ஒன்று கேட்டீர்கள், அதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். களுவாஞ்சிக்குடிக்காரர் அன்று கும்பிடத்தான் வந்தார், சுவர் வாசிக்க வரவில்லை. அவரை வெளிமண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்க் கல்லைக் காட்டியது யார் என்று கேட்டீர்கள். நான்தான். வந்த விருந்தாளிக்குக் கோயிலைச் சுற்றிக் காட்டுவது மருமகனின் கடமை. அவர் கண்ணாடியை மறந்துவிட்டு வந்திருந்தார், அதனால் வருடத்தை நான் வாசித்தும் சொன்னேன். இரண்டு தரம் சொன்னேன், காது கொஞ்சம் மந்தம். கம்சாயினி பிறந்தது அந்தக் கும்பாபிஷேகத்தன்றுதான் என்பதையும் மாமியிடம் கேட்டுப் பாருங்கள் என்றேன். பேச்சுக்கு ஏதாவது வேண்டுமே.

அதை வைத்து, அறைக்காகத்தான் இவன் இதைச் செய்தான் என்று ஊரில் ஒரு கதை போகிறது. அது அபாண்டம். அந்த நேரத்தில் எனக்கு அறையின் நினைவே இல்லை. பாட்டைத் தவிர வேறு நினைவு இல்லை. அவர்கள் யோசிச்சுச் சொல்லுறம் என்று போன அடுத்த நாள் காலையில் உள்ளறையில் சுவர் முழுவதும் கசற் வைக்கப் பலகைத் தட்டு அடித்தது உண்மை. தச்சனுக்கு நான் அளவு கொடுத்தது அதற்கு முந்தின வாரம். இரண்டுக்கும் ஒரு தொடர்பும் இல்லை.